மாப்பிள்ளையின் பேக்கனுக்கு ஒரு மாற்று

வெளிநாடு போய்வந்த அப்பா அம்மா யாராவது இருந்தால் பிள்ளைகள் படிக்கிற மாதிரி எழுதித் தரச் சொல்லி என் மகள் மதியின் டீச்சர் வகுப்பில் கேட்டார்களாம். இவள் உடனே கையைத் தூக்கிவிட்டாள். நான் காரைக்காலில் தண்ணீர்த் தொட்டி வால்வைத் திறந்து மூடுகிற வேலை பார்ப்பவன். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆகையால் பாரிஸ் கோபுரம் எத்தனை அடி உயரம் என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அதை ரயில் ஜன்னல் வழியாகத் தூரத்தில் ஒரு தடவை பார்த்தேன், அவ்வளவுதான். நான் அங்கே சுற்றியதெல்லாம் கடைகள். தேடியது பேக்கன். அதாவது, பேக்கனுக்குப் பதிலாக ஏதாவது ஒன்று.

பேக்கன் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பன்றியின் வயிற்றுப் பக்கத்துக் கறியை உப்பில் ஊறவைத்து, புகை போட்டு, மெல்லிசாகச் சீவி விற்பார்கள். சட்டியில் போட்டால் கொழுப்பு உருகி, ஓரம் சுருண்டு மொறுமொறுவென்று வரும். நம் வீடுகளில் அது கிடையாது. ஆனால் என் தங்கை செல்வியின் வீட்டுக்காரருக்கு அது உயிர்.

அவர் பெயர் கோவிந்தராசு. கோட்டுச்சேரிப் பக்கத்து ஆள்தான். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். பிரான்சில் ஒரு பள்ளிக்கூடத்து கேன்டீனில் சமையல் வேலை. வருஷா வருஷம் மாங்கனித் திருவிழாவுக்கு ஊருக்கு வருவார். திருவிழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை தன்னோடு படித்தவர்களையெல்லாம் எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வரச்சொல்லி, தன் கையால் சமைத்துப் போடுவார். உருளைக்கிழங்கு, வெங்காயம், பாலேடு, மேலே சீஸ், நடுவில் நிறைய பேக்கன். அதற்கு அந்த ஊரில் ஒரு பெயர் உண்டு. எனக்கு இன்னும் வாயில் நுழையவில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் உருளைக்கிழங்குத் தட்டு.

அந்த விருந்துக்கு ஜமால் நானா ஒரு பையோடு வருவார். மாப்பிள்ளையின் பள்ளிக்கூடச் சிநேகிதர் அவர். துபாயில் இருந்து திரும்பி வந்து, இப்போது காரைக்காலில் ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். அவர்கள் வீடுகளில் அண்ணனை நானா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். பையில் அவர் வீட்டுச் சட்டி இருக்கும். பன்றிக்கறி பட்ட பாத்திரத்தில் அவர் சாப்பிட மாட்டார். அதனால் அவருக்கு மட்டும் அவருடைய சட்டியில், கோழி போட்டுத் தனியாக ஆகும். இரண்டு பேரும் கொல்லையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கிண்டலடித்துக்கொண்டு சாப்பிடுவார்கள்.

இந்த வருஷம் திருவிழாவுக்கு மாப்பிள்ளை வரவில்லை. குடலில் ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது. ஆனால் பேக்கன் மாதிரிப் பதப்படுத்திய கறியை நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். அன்றிலிருந்து இவர் சமையலறைப் பக்கமே போவதில்லையாம். செல்விக்கு லீவு கிடையாது. அவரை ஊருக்கு அழைத்துப் போய்க் கொஞ்ச நாள் வைத்திருக்க என்னை வரச்சொன்னாள்.

"ஊருக்குப் போனதும் அந்த விருந்தை மட்டும் எப்படியாவது நடத்த வச்சிடுங்கண்ணே. கரண்டியைத் திரும்ப எடுத்தாருன்னா மத்ததெல்லாம் தானா வந்துடும்" என்றாள். நான் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

போய்ச் சேர்ந்த அன்று செம குளிர். நம்மூர் மார்கழியைக் குளிர் என்று சொன்னதற்காக எனக்கே வெட்கமாக இருந்தது. மாப்பிள்ளை சோபாவில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செல்வி சாம்பார் வைத்திருந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார். விருந்துப் பேச்சை மெதுவாக எடுத்தேன். பேக்கன் இல்லாமல் அந்தத் தட்டைச் செய்வது, இட்லி இல்லாமல் வெறும் சட்னியை ஊற்றிக் கொடுப்பது மாதிரி என்றார்.

மறுநாள் செல்வி என்னைப் பெரிய கடைக்குக் கூட்டிப்போனாள். நம் பேருந்து நிலையம் அளவுக்கு இருக்கும். அதில் பேக்கனுக்கு மட்டும் ஒரு சுவரே ஒதுக்கியிருந்தார்கள். ஒரு பாக்கெட்டைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த E250 என்ற எண்ணைக் காட்டினாள். அதுதான் நைட்ரைட் உப்பு. தீபாவளி வெடியில் போடுகிற வெடியுப்பு இருக்கிறதே, அதன் சொந்தக்கார உப்பு. கறி கெடாமல் காப்பதும், கொடிய கிருமி வராமல் தடுப்பதும், வெட்டிய கறியை ரோஜா நிறத்தில் வைப்பதும் இதுதான். சும்மா போடவில்லை, காரணத்தோடுதான் போடுகிறார்கள். ஆனால் வருஷக்கணக்கில் தினமும் உள்ளே போனால் குடலுக்கு ஆகாது என்கிறார்கள் டாக்டர்கள். மாப்பிள்ளை வருஷக்கணக்கில் தினமும் சாப்பிட்டவர்.

பக்கத்திலேயே 'நைட்ரைட் இல்லை' என்று பெரிதாக அச்சடித்த பாக்கெட்டுகளும் இருந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். வேலை முடிந்தது, நாளைக்கே கோபுரம் பார்க்கப் போகலாம் என்று நினைத்தேன். செல்வி அதையும் திருப்பிப் பார்த்தாள். கறி, உப்பு, காய்கறிச் சாறு என்று இருந்தது. என்ன காய்கறி என்று பார்த்தால் செலரிக் கீரை. அந்தக் கீரையிலேயே நைட்ரேட் உண்டாம், அதுவே கறியில் நைட்ரைட்டாக மாறிவிடுமாம். உப்பாகப் போடாமல் கீரையாகப் போட்டிருக்கிறார்கள். முன்வாசல் கதவைச் சாத்திவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்த கதைதான்.

நாங்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து ஒரு வயதான அம்மா பக்கத்தில் வந்து நின்றார். குட்டி நாய் ஒன்றைப் பையில் வைத்திருந்தார். சாம்பல் நிறத்தில் இருந்த ஒரு பாக்கெட்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு ஏதோ சொன்னார். செல்வி மொழிபெயர்த்தாள். "இதில் கீரையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. நிறம் அசிங்கமாக இருக்கும், பயப்படாதீர்கள். ஆனால் வாங்கினால் சீக்கிரம் தின்றுவிடுங்கள்." நாய்க்கும் அதையேதான் போடுகிறாராம்.

அதை வாங்கிவந்து வறுத்தோம். மாப்பிள்ளை ஒரு துண்டு வாயில் போட்டார், முகம் சுளிக்கவில்லை. ஆனால் செல்வி டாக்டருக்கு போன் போட்டுக் கேட்டபோது, நைட்ரைட் இல்லாவிட்டாலும் உப்பும் கொழுப்பும் அப்படியே இருக்கிறதே, என்றைக்காவது ஒருநாள் என்றால் பரவாயில்லை, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மிச்சத்தை நான் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

அதற்கடுத்த நாள் மாப்பிள்ளையையும் கிளப்பிக்கொண்டு போனேன். தெருமுனையில் ஹலால் கறிக்கடை. வான்கோழியில் செய்த பேக்கன் அங்கே இருந்தது. பன்றிக்குப் பதில் கோழி இனம், நல்லதாகத்தானே இருக்கும் என்று கை நீட்டினேன். கடைக்காரர் மொராக்கோக்காரர். மாப்பிள்ளையின் ஆபரேஷன் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கிறது. பாக்கெட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மாப்பிள்ளை சிரித்துவிட்டார். நான் போனதிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஆளைத்தான் மாத்தியிருக்காங்க, உப்பை மாத்தலையாம் மச்சான்." திருப்பிப் பார்த்தால், அதே E250.

அப்புறம் கறியே இல்லாததைத் தேடினோம். சோயாவில் செய்து சிவப்புக் கோடெல்லாம் போட்டு அச்சு அசலாக பேக்கன் மாதிரியே விற்கிறார்கள். மாப்பிள்ளை ஒன்றை மென்றுவிட்டு, மூன்றாம் வகுப்பில் பென்சில் அழிக்கிற ரப்பரைத் தின்றது ஞாபகம் வருகிறது என்றார்.

புகை போட்ட தோஃபு என்று ஒன்று உண்டு, அதைப் பார்க்கலாம் என்றாள் செல்வி. சோயாப் பாலைத் திரியவைத்து நம் பன்னீர் மாதிரி கட்டியாக்கியது. அது கிடைக்கிற கடைக்கு நானும் மாப்பிள்ளையும் ரயிலில் போனோம். இறங்க வேண்டிய நிலையம் வந்தது. ரயில் நிற்கவில்லை. அடுத்ததிலும் நிற்கவில்லை. ஒரே தண்டவாளத்தில் எல்லா இடத்திலும் நிற்கிற ரயிலும் ஓடுகிறது, நிற்காத ரயிலும் ஓடுகிறது. நான் இழுத்துக்கொண்டு ஏறியது நிற்காதது. நம் பஸ்ஸாக இருந்தால் கண்டக்டர் படியில் நின்று நிற்கிற ஊர் பேரையெல்லாம் கத்தியிருப்பார். தூங்குகிறவனைக்கூடத் தட்டி, "அம்பகரத்தூர்னு சொன்னீங்களே, இறங்குங்க" என்பார். அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எதிரில் இருந்த ஒரு பெண் மட்டும் எங்கள் முழியைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையிடம் சொன்னாள்: "கவலைப்படாதீர்கள், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதே தப்பைச் செய்தேன்."

கடைசியில் ரயில் நின்ற ஊரில் அன்று சந்தை. புகை போட்ட தோஃபு அங்கேயே கிடைத்தது. சீவிக் கொடுத்த துண்டை மாப்பிள்ளை நின்றபடியே தின்றார். இன்னொரு துண்டு கேட்டார். கொஞ்சம் எண்ணெயில் வறுத்தால் இதை வைத்து ஒப்பேற்றலாம் என்றார். நான் அந்தக் கடையில் இருந்த அத்தனையையும் வாங்கிவிட்டேன். அன்றைக்கே ஜமால் நானாவுக்கு போன் போட்டு, நாங்கள் ஊர் வந்த மறுநாள் விருந்து என்று எல்லாரிடமும் சொல்லச் சொன்னேன்.

இருந்தாலும் எனக்கு ஒரு யோசனை ஓடிக்கொண்டே இருந்தது. நம்மிடம் உப்புக்கண்டம் இருக்கிறதே. ஆட்டுக்கறியை வாராக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, வெயிலில் காயவைப்பது. ரசாயனம் எதுவும் கிடையாது. உப்பைக் குறைத்துப் போட்டால் வருகிறவர்களுக்காவது ஆகுமே. மதியின் அம்மாவுக்கு போன் போட்டு, உப்புக்கண்டம் காயவைத்து வை என்றேன். "நீங்க வாங்க" என்று மட்டும் சொன்னாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சென்னையில் இறங்கி, பெட்டி வருகிற பட்டையின் முன்னால் நின்றோம். எல்லாருடைய பெட்டியும் வந்தது. தோஃபு இருந்த பெட்டி வரவில்லை. வழியில் எங்கேயோ வேறு விமானத்தில் ஏறிவிட்டதாம், வந்ததும் அனுப்பிவைப்பதாகச் சொன்னார்கள். நிற்காத ரயிலில் ஏறிய நாங்களே திரும்பி வந்துவிட்டோம், பெட்டிக்கு அந்தப் புத்தி இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. பூவம் ஊர் வந்து காரைக்கால் எல்லைக்குள் கார் நுழைகிற வரைக்கும் கண்ணை மூடியபடியே இருந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் உப்புக்கண்டம் எங்கே என்றுதான் கேட்டேன். மதியின் அம்மா சுவரில் இருந்த நாள்காட்டியைக் காட்டினாள். புரட்டாசி. பிரான்சில் இருந்த நாட்களில் எனக்குத் தமிழ் மாசமே மறந்துபோயிருக்கிறது. திருவிழா ஆனியில் வரும், அதனால் விருந்தில் இந்தப் பிரச்சினை எப்போதும் வந்ததில்லை. கூப்பிட்டிருந்த ஆட்களில் பாதிப் பேர் பெருமாளுக்கு விரதம் இருப்பவர்கள். கறி இருக்கட்டும், முட்டைகூடத் தொடமாட்டார்கள்.

"போன்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"அவ்வளவு தூரத்துல இருந்து ஆசையா பேசுறீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

மாப்பிள்ளை கொல்லைக்குப் போனார். பின்னாலேயே போனேன். அவர் குளிக்க வெளி அடுப்பில் வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. போனைக் கையில் எடுத்து ஜமால் நானாவின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். நாளைக்கு யாரும் வரவேண்டாம், உடம்பு சரியில்லை என்று சொல்லப்போகிறாராம். செல்விக்கு நான் என்ன பதில் சொல்வேன்? கொஞ்சம் பொறுங்கள் மாப்பிள்ளை என்று மட்டும் சொன்னேன். எதற்குப் பொறுக்க வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது கொட்டாங்கச்சி. மதியின் அம்மா அவசரத்தில் துருவிய தேங்காய், ஓரங்களில் கொஞ்சம் பருப்பு ஒட்டிக்கொண்டே இருந்தது. அது கங்கில் பட்டு, எண்ணெய் விட்டு, சொய்யென்று ஒரு புகை கிளம்பியது.

மாப்பிள்ளை போனைக் கீழே இறக்கினார். மூக்கை நீட்டி இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். குச்சியால் அந்தக் கொட்டாங்கச்சியை வெளியே தள்ளி, கருகின ஓரத்தைச் சுரண்டி, ஊதி, வாயில் போட்டார். மெதுவாக மென்றார்.

"தங்கச்சி, இன்னொரு தேங்காய் இருக்குமா?" என்று உள்ளே இருந்த மதியின் அம்மாவைக் கேட்டார்.

அப்புறம் எங்கள் கொல்லை அவருடைய கேன்டீன் ஆகிவிட்டது. நன்றாக முற்றின தேங்காயாகப் பார்த்துப் பருப்பை நெம்பி எடுத்து, காகிதம் மாதிரி சீவினார். துளி உப்பு, மிளகாய்த்தூள், கொஞ்சம் வெல்லம் போட்டுப் பிசிறினார். ஒரு சட்டியில் சீவலைப் பரப்பி, நடுவில் கிண்ணம் வைத்து, அதில் கொட்டாங்கச்சிக் கங்கைப் போட்டு, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு மூடினார். புகை ஏறியதும் கிண்ணத்தை எடுத்துவிட்டு, இளந்தீயில் வறுத்தார். ஓரம் சுருண்டு மொறுமொறுவென்று வந்தது. முதல் சட்டி கருகிவிட்டது. இரண்டாவது நமத்துப்போனது. மூன்றாவதில் மதி ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டு இன்னொரு கையையும் நீட்டினாள். தேங்காயிலும் கொழுப்பு உண்டு மச்சான், நான் அளவாகத்தான் தின்பேன் என்று மாப்பிள்ளை அவராகவே சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

மறுநாள் ஜமால் நானா வழக்கம் போலச் சட்டிப் பையோடு வந்தார். மாப்பிள்ளை இளைத்திருப்பதைப் பார்த்து ஒரு நிமிஷம் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு, "பாதி ஆளைத்தான் அனுப்பியிருக்காங்க. மீதி அந்தப் பெட்டியில வருதோ?" என்றார். பெட்டி காணாமல் போன செய்தி அதற்குள் கடைத்தெரு வரை போயிருந்தது.

மாப்பிள்ளை பையை வாங்கிச் சட்டியை எடுத்து, உருளைக்கிழங்கு, வெங்காயம், பாலேடு, தேங்காய்ச் சீவல், சீஸ் என்று அடுக்கினார். மூடியின் மேல் கங்கை அள்ளிப்போட்டார், பிரியாணிக்குத் தம் போடுவதைப் போல. பேக்கன் பட்ட தன்னுடைய பெரிய தட்டை அவர் வெளியே எடுக்கவே இல்லை.

மூடியைத் திறந்ததும் வாசனை தெருவரைக்கும் போனது. ஜமால் நானா இரண்டடி பின்னால் போனார்.

"டே ராசு. இது அந்தத் தட்டோட வாசனை. என் சட்டியில என்னடா போட்டே?"

மாப்பிள்ளை அவர் உள்ளங்கையில் ஒரு பச்சைத் தேங்காய்ச் சில்லை வைத்தார். பக்கத்தில் வறுத்த சீவல் ஒன்றை வைத்தார். ஜமால் நானா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அப்புறம் வறுத்ததை வாயில் போட்டார்.

"இத்தனை வருஷமா அந்தப் பக்கம் உக்காந்து மோந்துகிட்டு மட்டும் இருந்தேன்டா" என்றார்.

அன்றைக்கு அந்த ஒரு சட்டிதான். விரதக்காரர்களும் அதில்தான் சாப்பிட்டார்கள். சின்னச் சட்டி, வந்தவர்களுக்குப் பத்தவில்லை. மாப்பிள்ளை திரும்பத் திரும்ப அடுக்கி, திரும்பத் திரும்பத் தம் போட்டார். பந்தி சாயங்காலம் வரைக்கும் ஓடியது. கொல்லையில் இரண்டு பக்கம் இல்லை, எல்லாரும் அடுப்பைச் சுற்றியே இருந்தார்கள். ஜமால் நானா போகும்போது சட்டியைக் கழுவிப் பையில் வைத்தார். மாப்பிள்ளை அதை வெளியே எடுத்து எங்கள் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு, வருகிற வருஷம் கையை வீசிக்கொண்டு வாடா என்றார்.

பெட்டி பிறகு வந்தது. நாற்றம் தாங்காமல் தென்னை மரத்தடியில் குழி தோண்டி உள்ளிருந்ததைப் புதைத்தோம். மரம் நன்றாகத்தான் இருக்கிறது.

பிள்ளைகளா, நான் கற்றுக்கொண்டது கொஞ்சம்தான். கடையில் எதை எடுத்தாலும் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். 'இல்லை' என்று பெரிதாக எழுதியிருந்தால் இன்னும் கவனமாகப் படியுங்கள். வெளியூர் போனால் தமிழ் மாசம் என்னவென்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை பிரான்சுக்குத் திரும்பிப் போன வாரத்தில் செல்வியிடமிருந்து போன் வந்தது. பின்னால் கீச்கீச்சென்று ஏதோ மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னம்மா என்று கேட்டேன்.

"வீடு பூராப் புகைண்ணே. தீயணைப்பு மணி அடிக்குது, மேல்வீட்டுக்காரங்க கதவைத் தட்டுறாங்க" என்றாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இவரு அடுப்பை விட்டு நகர மாட்டேங்குறாரு."